சேஸி வாங்குவதற்கு முன் ஓர் இரவைக் கணக்கிடு



சொந்தக் கையால் ஒரு கேம்பர் வண்டி கட்ட வேண்டும் என்று நினைக்கிற உனக்கு இதை எழுதுகிறேன். நீ ஊத்துக்கோட்டைச் சாலையோரப் பட்டறையில் வெல்டிங் பிடிப்பவனாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற எலக்ட்ரீஷியனாகவும் இருக்கலாம். எதுவானாலும், இந்த வேலைக்கு உன்னைவிட வசதியான இடத்தில் இருப்பவர்கள் குறைவு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்ட் எண்ணூரில் இருக்கிறது. ஆந்திர எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு பிக்கப் தயாராகிறது. தெற்கே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகளும் பஸ் சேஸிகளும் வெளிவருகின்றன. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் இரும்பு உன் வாசலுக்கே வரும். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் எல்லோரும் முதலில் "எந்த வண்டி வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. முதல் கேள்வி, மே மாதத்து ஓர் இரவை அந்தப் பெட்டிக்குள் எப்படித் தூங்கிக் கழிப்பது என்பது. அதற்கு விடை கண்டுவிட்டால் பேட்டரியின் அளவு தெரியும். பேட்டரியும் சுவரும் தெரிந்தால் எடை தெரியும். எடை தெரிந்தால் சேஸி எதுவென்று தானே தெரிந்துவிடும். இந்த வரிசையை மாற்றி, வண்டியை வாங்கிவிட்டு அதற்குள் வீட்டைத் திணிக்கப் போனால், ஒவ்வொரு முடிவும் முந்தைய முடிவின் பிழையைச் சரிக்கட்டுவதாகவே போகும்.

பதினான்கு அடி நீளம், ஆறரை அடி அகலம், ஏழு அடி உயரமுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் நன்றாகவும் நான்கு பேர் நெருக்கியும் படுக்கலாம். அதன் ஆறு பக்கங்களின் பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 44 சதுர மீட்டர். வெறும் தகட்டால் சுவர் வைத்தால், வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது சதுர மீட்டருக்கு ஆறு வாட் வெப்பம் உள்ளே நுழையும். மொத்தப் பெட்டிக்கு அது 260 வாட். பிற்பகலில் வெளியே 41, உள்ளே 26 என்று வைத்தால் வித்தியாசம் 15 டிகிரி, வரும் வெப்பம் 3.9 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடியது 3.5 கிலோவாட்தான். கூரையில் அடிக்கும் நேர் வெயிலைச் சேர்க்காமலே ஏ.சி. தோற்றுப்போகிறது. அதே பெட்டியை 50 மில்லிமீட்டர் பஃப் பேனலில், அதாவது நடுவே பாலியூரித்தேன் நுரை நிறைத்த பலகையில், கட்டினால் கணக்கு தலைகீழாகும். அந்த நுரையின் வழியே சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு அரை வாட்டுக்கும் குறைவாகவே வரும். கதவு, ஜன்னல், மூலைச் சட்டங்கள் வழியே கசிவதற்காக அதை இரட்டிப்பாக்கிக்கொண்டால்கூட மொத்தப் பெட்டிக்கு 40 வாட். அதே பிற்பகலில் 600 வாட். பழவேற்காட்டு மீனையும் கிராமத்துப் பாலையும் ஏற்றிச் செல்லும் குளிர்பெட்டி வண்டிகள் செய்வது இதைத்தான். நீ கட்டப்போவது பஸ்ஸின் உறவு என்று நினைக்காதே. மீன் வண்டியின் உறவு. பஸ் பாடி கட்டுபவரைவிடக் குளிர்பெட்டி கட்டுபவரிடம் கற்க வேண்டியது அதிகம்.

இரவுக்கு வருவோம். வெளியே 30 டிகிரி, உள்ளே 26 வேண்டும். சுவர் வழியே 160 வாட், இரண்டு உடல்களின் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்து 200 வாட், மூச்சுக்காகத் திறந்து வைக்கும் காற்றுவழியில் இன்னும் கொஞ்சம். 500 வாட் என்று வைத்துக்கொள். நல்ல இன்வெர்ட்டர் ஏ.சி. தான் வெளியேற்றும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே மின்சாரம் எடுக்கும். ஆக, சிறுசிறு இழப்புகளையும் சேர்த்து 200 வாட். ஒன்பது மணி நேரத்துக்கு 1.8 யூனிட். சின்னக் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 0.7, இண்டக்ஷன் அடுப்பில் இரண்டு வேளைச் சமையலுக்கு 1, விளக்கு, பி.எல்.டி.சி. விசிறி, தண்ணீர் பம்பு, போன் எல்லாவற்றுக்கும் அரைக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் நாளுக்கு 4 யூனிட். சுவரில் செலவழித்த நுரைதான் இந்த எண்ணைச் சாத்தியமாக்குகிறது. பவர் சிஸ்டம் என்றதும் பேட்டரி, பேனல், இன்வெர்ட்டர் என்று அடுக்குகிறோம். அவற்றுக்கு முன்னால் எழுதப்பட வேண்டிய முதல் பொருள் சுவர்.

நாளுக்கு 4 யூனிட் என்றால் ஒன்றரை நாளுக்குக் கையிருப்பு வேண்டும், அதாவது 6 யூனிட். 280 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் எட்டைத் தொடராக இணைத்தால் 25.6 வோல்ட், 7.2 யூனிட். அதில் 85 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். எடை பெட்டியோடும், செல்களைக் காக்கும் பி.எம்.எஸ்.ஸோடும் சேர்த்து 60 கிலோ அளவு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பாய். செய்யலாம். ஆனால் அதில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே ஏழு பேட்டரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவைத் தாண்டும். மொத்தம் 385 கிலோ என்று வை. லித்தியத்தைவிட 325 கிலோ கூடுதல், நான்கு ஆட்களை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். தவிர, ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். படுக்கும் அறைக்குள் அதை வைக்கக் கூடாது. வெளியே தொங்கவிட்டால் வெயிலில் வேகும். இரும்பு பாஸ்பேட்டைக் குளிர்ந்த பெட்டிக்குள்ளேயே, உன்னோடு வைக்கலாம். முதல் நாள் விலை ஒன்றை வைத்து இரண்டையும் ஒப்பிடாதே.

சூரிய பேனலில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. சந்தையில் வாட்டுக்கு மலிவாகக் கிடைக்கும் பெரிய பேனல்களில் ஒன்று 550 வாட் ரகம். அதன் நீளம் 2.28 மீட்டர். உன் கூரையின் அகலம் 1.98 மீட்டர். குறுக்கே வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டு மரக்கிளையில் மாட்டும். நெடுக்கே வைத்தால் ஒன்றுக்கு மேல் ஒழுங்காக உட்காராது. 410 வாட் ரகத்தின் நீளம் 1.72 மீட்டர், அகலம் 1.13. குறுக்கே மூன்று வைத்தபின் மேலே காற்றுப்போக்கிக்கும் இடம் மிஞ்சும். 1,230 வாட், தெளிந்த வானத்தில் நாளுக்குச் சுமார் நாலரை யூனிட். கூரையோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுப் பொருத்து; பேனலும் சூடேறாது, கூரைக்கும் நிழல் கிடைக்கும். நவம்பர் மழையில் என்ன செய்வது என்பது நியாயமான ஆட்சேபம். வடகிழக்குப் பருவமழையில் பேனல் பாதிகூடத் தராத நாட்கள் உண்டு. ஆனால் அந்த இரவுகளில் ஏ.சி. தேவையில்லை, தேவையும் 2 யூனிட்டாகச் சரிந்துவிடும். உண்மையில் சோதிப்பது ஆகஸ்ட், செப்டம்பர் மாதத்து மேகமூட்டமும் புழுக்கமும். அதற்குத்தான் அந்த ஒன்றரை நாள் கையிருப்பும், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கும் மின்சாரமும்.

இப்போது எடையைக் கூட்டு. சுவரும் கூரையும் 530 கிலோ. தரையும் அடிச்சட்டமும் 300. கதவு, ஜன்னல் 80. மேசை, கட்டில், அலமாரி 300. தண்ணீர் 150. மின்சார அமைப்பு முழுவதும் 200. ஏ.சி., ஃபிரிட்ஜ், அடுப்பு 100. ஆட்கள் 280, சாமான் 200. மொத்தம் 2,140 கிலோ. இருபது சதவீதம் கூட்டினால் 2.6 டன். இதில் நீ ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, தச்சர் பழக்கத்தில் எடுக்கும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். எட்டுக்கு நாலு பலகை ஒன்றே 35 கிலோவைத் தாண்டும். வீட்டு அலமாரிக்குச் சரி, இங்கே 12 போதும், சில இடங்களில் 9 போதும். இன்னொன்று நம் ஊரின் சொந்த ஆசை: பக்கத்திலேயே இரும்பு கிடைப்பதால் எல்லா மூலையிலும் ஆங்கிளும் குழாயும் போட்டுத் திடமாக்குவது. பஃப் பேனலே தன்னைத் தாங்கிக்கொள்ளும். அதற்குள் இரும்புக் கூண்டு கட்டினால் எடையும் ஏறும், அந்த இரும்பே வெப்பத்தை உள்ளே கடத்தும் பாலமும் ஆகும்.

2.6 டன் என்ற எண் கையில் வந்ததும் வண்டிகள் தாமாகவே விலகுகின்றன. 2011-ல் வந்த லேலண்டின் தோஸ்த் அருமையான வண்டிதான். ஆனால் அது ஒன்றேகால் டன் சுமக்கப் பிறந்தது. ஸ்ரீசிட்டியின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பைப் பார்த்து மனம் போகும். அது ஆளை ஏற்றி மேடுபள்ளம் தாண்டச் செய்யப்பட்டது, வீட்டைச் சுமக்க அல்ல. நமக்குப் பொருந்துவது 1986-ல் டாடா கொண்டுவந்த 407 ரகமும், ஐஷரும் லேலண்டும் விற்கும் அதே தரத்து வண்டிகளும். பின்னால் இரட்டைச் சக்கரம், ஏணிச் சட்டம், மொத்த எடை ஐந்திலிருந்து ஏழரை டன்னுக்குள். ஏழரை என்ற எல்லை காரணமில்லாமல் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 7,500 கிலோ வரையுள்ளதை இலகு ரக வாகனம் என்கிறது. இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் வரும் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அந்த எல்லைக்குள் இருந்தால் உன் வீட்டில் அந்த உரிமம் உள்ள யாரும் இதை ஓட்ட முடியும்.

"பெரிதாக வாங்கினால் என்ன? பின்னாளில் உதவுமே" என்பார்கள். 2021-ல் கேரளச் சுற்றுலாத் துறை கேரவன் கொள்கையை அறிவித்தபோது முதலில் வந்தவற்றில் ஒன்று பாரத்பென்ஸ் 1017 சேஸியின் மேல் கட்டியது. பத்து டன், 170 குதிரைத்திறன் அளவு என்பதையே அந்த எண்கள் சொல்கின்றன. விருந்தினருக்கு ஹோட்டல் அறையை அப்படியே கொண்டுபோக வேண்டும், ஓட்டத் தனி டிரைவர் உண்டு என்றால் அது சரியான தேர்வு. உனக்கு இல்லை. காரணம் டீசல் செலவு மட்டும் அல்ல. லாரியின் கமான் பட்டைகள் முழுச் சுமையில் வளைந்து கொடுக்கும்படி அடிக்கப்பட்டவை. சரக்கு லாரி ஒரு நாள் நிறைந்தும் மறுநாள் காலியாகவும் ஓடும். கேம்பர் என்றைக்கும் ஒரே எடைதான். பத்து டன் சேஸியில் இரண்டரை டன் வீட்டை வைத்தால் பட்டை அசையவே அசையாது. பெரியபாளையம் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக உன் அலமாரி ஆணிக்கும் பேட்டரி முனைக்கும் வந்து சேரும். தாங்கும் திறனில் முக்கால் பங்கு நிறையும் சேஸிதான் மென்மையாக ஓடும்.

கோடம்பாக்கத்து சினிமா கேரவன்களைக் காட்டி, ஜெனரேட்டர் போதுமே என்பது அடுத்த ஆட்சேபம். அந்த வண்டிகள் படப்பிடிப்பு இடத்தில் பகல் முழுக்க நின்று, பல அறைகளுக்கு முழு ஏ.சி. கொடுக்க வேண்டியவை, அவற்றுக்கு ஜெனரேட்டர் தவிர்க்க முடியாதது. உனக்கு இரவில் தேவை 200 வாட். அதற்காக நூற்றைம்பது கிலோ எஞ்சினைச் சுமந்து, அதன் சத்தத்தையும் புகையையும் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வது பொருந்தாத விலை. வண்டி எஞ்சினையே ஓடவிட்டு ஏ.சி. போடலாம் என்ற யோசனை அதைவிட மோசம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓட வேண்டும். மணிக்கணக்கில் ஐடிலில் நின்றால் கரி அடைந்துகொண்டே போகும்.

நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் நாகலாபுரம் மலையடிக்கோ ஏரிக்கரைக்கோ எப்படிப் போவது? மலையடிவாரம் வரை சாலை உண்டு. அதற்கு மேல் நடந்துதான் போக வேண்டும், எந்த வண்டி இருந்தாலும். மணலில் புதைவதற்கு முதல் காரணம் எடை, அடுத்தது டயரின் காற்றழுத்தம். இரண்டும் உன் கையில். உதிரிபாகமும் மெக்கானிக்கும் எங்கும் கிடைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு நான் அதைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளைப் பார். ரிக்கோடு ஒரு துணை லாரியும் வெளிமாநிலங்களுக்குப் போகிறது. ஆட்கள் மாதக்கணக்கில் அதோடுதான் சமைத்து வாழ்கிறார்கள். நம் நாட்டில் நீண்ட காலமாக உண்மையில் பயன்பட்டுவரும் கேம்பர் அதுதான் என்பேன். அவர்கள் தேர்ந்தெடுத்தது எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக்கூடிய சேஸி. மின்சார லாரி? அதில் நம்பிக்கை எனக்கு உண்டு. 2022-ல் வந்த டாடாவின் ஏஸ் மின் வண்டியின் பேட்டரி 21.3 யூனிட், நம் ஒரு நாள் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதன் சுமைத்திறன் 600 கிலோ. உயர் வோல்ட் பேட்டரியை வீட்டுக்காக நீயே திறப்பது உயிருக்கு ஆபத்து. அந்த ரகம் 407-ன் சுமையை எட்டி, கம்பெனியே வெளி மின் இணைப்பைத் தரும்போது இந்தக் கடிதத்தின் பாதி மாற வேண்டியிருக்கும்.

சேஸி வந்த பிறகு செய்யும் முதல் தவறு, பெட்டியைச் சட்டத்தோடு வெல்டிங் வைப்பது. ஏணிச் சட்டம் முறுக்கிக் கொடுக்கவே செய்யப்பட்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது திருகும். பஃப் பெட்டி திருகாது, மூலையில் விரியும். ஆகவே நடுவே ஓர் அடிச்சட்டம் வேண்டும். அதைப் பின்பக்கம் இறுக்கமாகவும் முன்பக்கம் ஸ்ப்ரிங் வைத்த போல்ட்டிலும் பொருத்து. சட்டம் திருகும்போது முன்பக்கம் சற்று எழும்பி உட்காரும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதே. இதற்கென ஒவ்வொரு கம்பெனியும் பாடி கட்டுவோர் வழிகாட்டி கொடுக்கிறது, கேட்டு வாங்கு. பின் நீட்டம் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, 3.3 மீட்டர் வீல்பேஸுக்கு அது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கீழ். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு, ஒன்றுக்கு ஒன்று எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். பின்கோடியில் தொட்டி வைத்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும்.

மின்சாரத்தில் 24 வோல்ட்டைத் தேர்ந்தெடு என்பேன். இரண்டு கிலோவாட் அடுப்பு எரியும்போது 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் ஓடும், 24-ல் அதில் பாதி. கேபிளின் தடிப்பும் இணைப்புகளின் சூடும் அதற்கேற்பக் குறையும். வண்டி 12 வோல்ட்டாக இருந்தால் நடுவே டிசி-டிசி சார்ஜர் வை. லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரில் இணைத்தால் அது கொடுக்கும் அனைத்தையும் இழுத்து, காயில் கருகும்வரை விடாது. ஆல்டர்னேட்டரின் திறனில் பாதிக்கு மேல் எடுக்காதே. 400 வாட் எடுத்தாலும் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 1 யூனிட் சேரும். பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள், ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை அறுக்கக்கூடிய ஃப்யூஸ் இருக்க வேண்டும். கார் ஃப்யூஸ் அந்த மின்னோட்டத்தில் உருகிய பின்னும் தீப்பொறியாய்த் தொடரும். வெளியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும் வழியில் மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், சேஸியோடு எர்த்தும் கட்டாயம். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடப்போவது உன் குழந்தை.

கடைசியாகக் காகிதம், இதைத்தான் நீ முதலில் முடிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. சரக்கு லாரியாகப் பதிவானதை வாங்கி, சத்தமில்லாமல் வீடாக்கி ஓட்டினால், விபத்து நேரும் நாளில் காப்பீடு உன்னோடு நிற்காது. பதிவு வகைகளில் தனிப்பயன் கேம்பர் வேனுக்கென்றே இடம் உண்டு; மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரமும் உண்டு. சோதனை மையத்துக்குப் புனேவரை போக வேண்டியதில்லை, ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆகவே பாடியில்லாத சேஸியாக வாங்கு. பணம் கட்டுவதற்கு முன் உன் வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேசு. அங்கீகாரம் பெற்ற பாடி கட்டுபவர் ஒருவரின் பெயரில் வேலையை நடத்து. இது நேரம் பிடிக்கும் வழி, ஆனால் வேறு வழியை உனக்குச் சொல்ல எனக்கு மனம் வராது. சேஸி கைக்கு வந்த அன்றே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதாவது ஓர் எடைமேடையில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுத்தி எடை எடு. பெட்டி ஏறியதும் மறுபடி எடு. தண்ணீர் நிரப்பி, ஆட்களை உட்காரவைத்து மூன்றாவது முறை எடு. மூன்று சீட்டையும் வரைபடத்தோடு சேர்த்து வைத்துக்கொள். சோதனை மையத்தில் கேட்கப்படும் கேள்விகளில் பலவற்றுக்கு விடை அதில் இருக்கும்.